அவிநாசியப்பன்னு பேர் வைக்கலாமுங்களா? பொருளும் மகிமையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க திருப்பூர்ப் பக்கம். எங்களுக்குப் பையன் பொறந்திருக்கான், தலைச்சன். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.

எங்க ஊட்டுல மூத்த பையனுக்கு அப்பாரு, அதாவது தாத்தா பேரைத்தான் வைக்கிறது வழக்கம். எங்கப்பா பேரு அவிநாசியப்பன். போன வருசம் தவறிட்டாருங்க. "அந்தப் பேரு இந்த ஊட்டுல கேட்டுக்கிட்டே இருக்கோணும்"னு எங்கம்மா முடிவாச் சொல்லிட்டாங்க. எனக்கும் அதே ஆசைதான்.

ஆனா ஊட்டுக்காரிக்கு மனசு ஒப்பல. அவ கோபிப் பக்கம். அந்தப் பேரைச் சொன்னாலே "நாசம்"ங்கற சத்தம்தான் அவ காதுல விழுகுதாம். பச்சைக் குழந்தையை தினமும் அப்படிக் கூப்பிடறதான்னு கேக்கறா. மாமனார் பேரை வாய் நிறையச் சொல்லிக் கூப்பிடவும் அவளுக்குக் கூச்சம். இதுக்கு மேல ஜோசியரு, பையன் ரோகிணி, அதனால ஒ, வ, வி, வுன்னு ஆரம்பிக்கோணும்னு எழுதிக் கொடுத்துட்டாரு.

அவளைக் கட்டாயப்படுத்தி வைக்க எனக்கு இஷ்டம் இல்லீங்க. இந்தப் பேருக்கு என்ன அர்த்தம், ஆன்மீகமா இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. அவளும் இதைப் படிப்பா.

கோபி_வாய்க்கால் | செவ்வாய், இரவு 10:05

வாழ்த்துகள் நண்பா. அவிநாஷ்னு வெச்சிருங்க. வேர் ஒண்ணுதான், அர்த்தமும் ஒண்ணுதான், அழிவில்லாதவன். பள்ளிக்கூடத்துல கேலி இருக்காது, வெளிநாடு போனாலும் எல்லார் வாயிலயும் நுழையும். உங்கப்பா பேரும் உள்ளே இருக்கும், உங்க ஊட்டுக்காரிக்கும் சங்கடம் இல்லை. என் அக்கா பையனுக்கு இப்படித்தான் வெச்சோம்.

ஊத்துக்குளி_வாத்தியார் | செவ்வாய், இரவு 11:20

தம்பி, முதல்ல அந்த "நாசம்" பயத்தைத் தீர்த்து வெச்சிடறேன்.

விநாசம் என்றால் அழிவு. முன்னால வர்ற "அ" அதை இல்லையென்று மறுக்குது. அவிநாசி, அழிவே இல்லாதது. கீதையில 2-ஆம் அத்தியாயம் 17-ஆவது சுலோகம் "அவிநாசி து தத் வித்தி" என்றுதான் தொடங்கும். இதெல்லாம் எதனால நிறைஞ்சிருக்கோ அது அழியாதது என்று அறிந்துகொள் என்று கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்ற இடம். ஆக அந்தச் சொல்லுக்குள்ள இருக்கிற நாசத்துக்கு வாசல்லயே தடை போட்டாச்சு.

சைவத்துல இந்தப் பேருக்கு இருக்கிற இடம் அதைவிடப் பெருசு. ஊர் பேரைச் சாமிக்கு வெச்சாங்கன்னு பல பேர் நினைக்கிறாங்க. தேவாரத்துல ஊரோட பேர் திருப்புக்கொளியூர். "புக்கொளியூர் அவிநாசியே" என்றுதான் சுந்தரர் பாட்டுக்குப் பாட்டு கூப்பிடறார். புக்கொளியூர் ஊர், அவிநாசி அங்கே இருக்கிற சாமி. காலப்போக்குல சாமி பேரே ஊருக்கு ஆகி, பழைய பேர் பதிகத்தோட நின்னுபோச்சு.

உங்கப்பா பேர் அப்படியே திருவாசகத்துல இருக்கு தம்பி. ஆனந்தமாலையில மாணிக்கவாசகர்,

"அரிய பொருளே அவிநாசி
அப்பா பாண்டி வெள்ளமே
தெரிய அரிய பரஞ்சோதீ
செய்வதொன்றும் அறியேனே"

என்று உருகறார். நீங்க உங்க பையனைக் கூப்பிட்டா அது மாணிக்கவாசகர் கூப்பிட்ட கூப்பாடு.

அருணகிரிநாதரும் அங்கே வந்து பாடியிருக்கார். "இறவாமல் பிறவாமல் எனையாள் சற்குருவாகி" என்று தொடங்கி "அவிநாசிப் பெருமாளே" என்று முடியற திருப்புகழ். "திரமான பெருவாழ்வைத் தருவாயே" என்று நடுவுல கேக்கறார். அழிவில்லாத சாமி ஊர்ல இருக்கிற முருகன்கிட்ட நிலையான வாழ்வைக் கேக்கறார் பாருங்க. அந்த ஊர்ப் பேரோட பொருளையே தன் வேண்டுதல் ஆக்கிக்கிட்டார்.

கோபி நண்பர் சொன்ன அவிநாஷ் பத்தி நாளைக்கு எழுதறேன். நேரமாச்சு.

சேவூர்_சாலை | புதன், காலை 6:15

நான் அவிநாசியிலயே பொறந்து வளர்ந்தவன். வாத்தியார் சொன்ன பதிகம் எதுக்காகப் பாடினதுன்னு தெரிஞ்சா உங்க ஊட்டம்மாவுக்கு மனசு மாறும்னு நினைக்கிறேன். இது குழந்தைக்காகப் பாடின பதிகமுங்க.

சுந்தரர் தன் நண்பரான சேர ராஜா சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போறார். வழியில புக்கொளியூர் வருது. வேதியர் தெருவுல எதிரெதிர் ரெண்டு வீடு. ஒரு வீட்டுல மங்கல ஓசை, இன்னொரு வீட்டுல அழுகை. என்னன்னு கேக்கறார். சில வருசத்துக்கு முன்னால அஞ்சு வயசுப் பையங்க ரெண்டு பேர் குளத்துல குளிக்கப் போனாங்க, ஒருத்தனை முதலை முழுங்கிருச்சு, தப்பினவனுக்கு இன்னைக்குப் பூணூல் கல்யாணம், போனவனோட வீடுதான் அழுகுதுன்னு சொல்றாங்க. சுந்தரர் நேரா அந்தக் குளத்தங்கரைக்குப் போய்ப் பாடறார்.

நாலாவது பாட்டு:

"உரைப்பார் உரைஉகந்து உள்கவல்லார்தங்கள் உச்சியாய்
அரைக்காடு அரவா ஆதியும் அந்தமும் ஆயினாய்
புரைக்காடு சோலைப் புக்கொளியூர் அவிநாசியே
கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே"

கடைசி அடியைப் பாருங்க. முதலையை மட்டும் கேக்கல, எமனையும் சேர்த்துக் கேக்கறார். காலன் அந்தப் பிள்ளையோட உசிரை, போன வருசங்களுக்கும் சேர்த்து வளர்ந்த உடம்போட முதலை வயித்துல கொண்டாந்து வெக்கறான். முதலை கரைக்கு வந்து பிள்ளையைக் கக்குது. எதிர் வீட்டுப் பையன் எந்த வயசோ அதே வயசுல இவனும் வந்து நிக்கறான், இவனுக்கும் பூணூல் கல்யாணம் நடக்குது.

எங்க ஊர்ல முதலைவாய்ப் பிள்ளையைத் தெரியாத குழந்தை இருக்காது. தாமரைக் குளத்தைக் காட்டித்தான் எங்க ஆத்தா எனக்குக் கதை சொன்னாங்க. "காசிக்கு வாசி அவிநாசி"ன்னு சொல்வாங்க, கோயிலுக்குள்ள காசிக் கிணறும் இருக்கு. அம்பாள் கருணாம்பிகை, பெருங்கருணை நாயகி. தலமரம் பாதிரி.

இன்னொண்ணும் சொல்லத் தோணுது. எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. முதலை கெடக்கற அளவுக்குத் தண்ணி நின்ன ஊருன்னு கதையில கேக்கறப்ப வெளியூர்க்காரங்க நம்ப மாட்டாங்க. அத்திக்கடவு அவிநாசித் திட்டம் வேணும்னு எங்க அப்பாரு காலத்துல இருந்து கேட்டு, 2024 ஆகஸ்ட்டுலதான் தொடங்கி வெச்சாங்க. 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி கொண்டுபோற திட்டம். தண்ணி நின்ன குளத்தைப் பார்த்தா எனக்கு அந்தப் பதிகம்தான் ஞாபகம் வரும்.

மேட்டாங்காடு | புதன், காலை 8:30

நம்ம கொங்குல பேர் வைக்கிறதே கோயிலை வெச்சுத்தானுங்க. பேரைக் கேட்டா எந்தச் சாமிக்குக் கும்பிட்ட குடும்பம்னு சொல்லிப்போடலாம். சென்னியப்பன், சென்னிமலைன்னா அந்த மலை. மருதாசலம்னா மருதமலை. அர்த்தநாரி, செங்கோட்டுவேலன், செங்கோட்டையன்னா திருச்செங்கோடு. மகுடேஸ்வரன்னா கொடுமுடி. பச்சைநாயகின்னா பேரூர். காரமடைப் பக்கம் ஊட்டுக்கு ஊடு ரங்கசாமி, ரங்கம்மா. பண்ணாரின்னும் மாசாணின்னும் ஆணுக்கும் பொண்ணுக்கும் வெச்சிருக்காங்க. பழனிச்சாமியைச் சொல்லவே வேண்டாம், எந்தத் தோட்டத்துல நின்னு கூப்பிட்டாலும் ரெண்டு பேர் திரும்பிப் பார்ப்பாங்க.

தேவாரப் பாட்டு கிடைச்ச கொங்கு ஊர் ஏழு. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர். அந்த ஏழுல சாமி பேரே ஊர் பேரா ஆனது அவிநாசிதான். கோயமுத்தூர்க்காரங்க அவிநாசி ரோடுன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றாங்க. அந்தப் பேரைச் சொல்ல யாருக்கும் பயம் வந்ததில்லையே. நீங்க பயப்படாம வைய்யுங்க.

எண்ஜோதிடம்_பவானி | புதன், காலை 11:10

நண்பருக்கு வணக்கம். பொருளைப் பத்திப் பெரியவங்க சொல்லிட்டாங்க. ஆனா பேரோட அதிர்வையும் பார்க்கணும். ஆங்கில எழுத்துக் கூட்டு எண் பையனோட பிறந்த தேதிக்குப் பகையா இருந்தா எழுத்து ஒண்ணு கூட்டியோ குறைச்சோ எழுதலாம். ரோகிணிக்கு ஜோசியர் சொன்ன எழுத்தும் சரிதான். வ, வியில தொடங்கற பேரை ஜாதகத்துல எழுதிக்கிட்டு, கூப்பிடறதுக்கு அவிநாசியப்பன் வைக்கலாம். பல குடும்பத்துல இப்படிச் செஞ்சு கொடுத்திருக்கேன், யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை.

ஊத்துக்குளி_வாத்தியார் | புதன், பகல் 2:45

பவானி நண்பர் சொன்ன கடைசி வழி நல்ல வழி. நட்சத்திரப் பேர் சங்கல்பத்துக்கு, தெய்வப் பேர் கூப்பிடறதுக்கு என்று ரெண்டு பேர் வெச்சுக்கிற வழக்கம் பழசு. எழுத்தைக் கூட்டிக் குறைக்கறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது. திருவாசகத்துல இருக்கிற பேருக்கு நாம திருத்தம் போடற அளவுக்கு அதுல குறை ஒண்ணும் எனக்குத் தெரியல.

அவிநாஷுக்கு வர்றேன். அகராதிப்படி கோபி நண்பர் சொன்னது சரி, ரெண்டுக்கும் பொருள் ஒண்ணு. ஆனா அவிநாஷ் என்று கூப்பிட்டா ஒரு குணம் வருது, அதோட சரி. அவிநாசியப்பன் என்று கூப்பிட்டா குளம் வருது, முதலை வருது, சுந்தரர் வர்றார், கருணாம்பிகை வர்றா, உங்கப்பா வர்றார். பொருள் ஒண்ணா இருந்தாலும் உறவு ஒண்ணு இல்லை. பேர் வைக்கிறதுல எனக்குப் பெருசாத் தெரியறது அந்த உறவுதான்.

கோபி_வாய்க்கால் | புதன், மாலை 5:00

வாத்தியாரே, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா பேரைச் சுமக்கப் போறது குழந்தை. நமக்கு உறவு தெரியும், அவன் வகுப்புல உக்காந்திருக்கிற மத்தப் பசங்களுக்குத் தெரியாது. எங்க அக்கா பையன் அவிநாஷ் வருசா வருசம் அவிநாசித் தேருக்குப் போய் வடம் தொட்டுட்டு வர்றான். அவனுக்கு உறவு குறைஞ்சு போச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். பேரைச் சுருக்கினா சாமி விலகிப் போயிருமா?

ஊத்துக்குளி_வாத்தியார் | புதன், மாலை 6:10

விலகாது தம்பி. தேர்வடம் தொடற பையனை வெச்சு நீங்க பேசறப்போ எனக்கு மறுப்புச் சொல்ல வாய் வரல. அந்தப் பையன் நல்லா இருக்கட்டும். ரெண்டு பேருல எது என்று கேட்டதால என் மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு சொன்னேன்.

வெள்ளகோவில்_பொண்ணு | புதன், இரவு 10:50

எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அண்ணா, உங்க குழந்தை நூறு வருசம் நல்லா இருக்கோணும்.

எங்க பாப்பா காய்ச்சல்ல போயிட்டா. அவ இருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போவா. அதுக்கப்புறம் அவிநாசிக் கோயிலுக்குப் போனா முதலைவாய்ப் பிள்ளைச் சிற்பத்துப் பக்கம் என்னால திரும்ப முடியறதில்லை. அந்த அம்மாவுக்குக் கொடுத்த சாமி எனக்கு ஏன் கொடுக்கலைன்னு கேட்டுக்கிட்டே பிரகாரம் சுத்துவேன். சாமி மேல கோபம் இல்லை, கேள்வி மட்டும் போகல.

அதனால ஒண்ணு கேட்டுக்கறேன். அழியாதவன்னு பேர் வெச்சா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, எமன் வரமாட்டான்னு யாரும் இங்கே எழுத வேண்டாம். எங்களை மாதிரி ஆளுங்க படிச்சா, நாங்க வெச்ச பேர்ல என்ன குறைன்னு ராத்திரியெல்லாம் யோசிப்போம்.

பாதிரிப்பூ | வியாழன், காலை 5:50

கண்ணு, நீ வெச்ச பேருல ஒரு குறையும் இல்லை. அப்படி நினைக்கவே நினைக்காதே. உன் பதிவைப் படிச்சுட்டு அடுப்புப் பத்த வைக்காம உக்காந்துட்டேன்.

ஊத்துக்குளி_வாத்தியார் | வியாழன், காலை 9:30

அம்மணி, நீங்க கேட்ட கேள்விக்கு என்கிட்டப் பதில் இல்லை. இருக்கிற மாதிரி எழுதவும் மாட்டேன். ஆனா பேரைப் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவிநாசி என்பது சாமியோட குணம். அந்தப் பேரைத் தாங்கற உடம்புக்கு அது கொடுத்த உறுதிமொழி கிடையாது. மாணிக்கவாசகரும் அருணகிரியும் அந்தப் பேரைப் பாடறப்போ உடம்பு சாகாம இருக்கோணும் என்று கேக்கலை. சுந்தரரே அந்தப் பதிகத்துல தனக்குன்னு கேக்கறது "எங்கோனே உனை வேண்டிக்கொள்வேன் பிறவாமையே" என்றுதான். ஊரார் பிள்ளைக்கு உசிரைக் கேட்டவர் தனக்குப் பிறவாமையைக் கேக்கறார்.

பெரியபுராணத்துல நாம வேகமாத் தாண்டிப் போற ஓர் இடம் இருக்கு. பிள்ளையை இழந்த அந்தத் தாயும் தகப்பனும், வன்தொண்டரான சுந்தரர் வந்திருக்கார் என்று கேட்டதும் அழுகையை நிறுத்திட்டு மலர்ந்த முகத்தோட வந்து கும்பிடறாங்க. பிள்ளையைத் திருப்பித் தாங்கன்னு அவங்க கேக்கவே இல்லை. அது நடந்து முடிஞ்சது, உங்களைப் பார்க்கோணும்னு இருந்த ஆசை இன்னைக்குக் கூடுச்சு என்கிறாங்க. சுந்தரர் உருகிப் போறது அந்த இடத்துலதான். "மைந்தன் தன்னை இழந்ததுயர் மறந்து நான்வந் தணைந்ததற்கே சிந்தை மகிழ்ந்தார்" என்று அவர் வாயாலயே சேக்கிழார் சொல்ல வைக்கிறார். அதுக்குப் பிறகுதான் குளத்தங்கரைக்குப் போறார்.

அவங்களை மாதிரி நீங்களும் துக்கத்தை மறக்கோணும் என்று நான் சொல்ல வரல அம்மணி. அது எல்லாருக்கும் ஆகற காரியம் இல்லை. முதலைக்கு முன்னாடி அந்த வீட்டு அழுகையைத்தான் சேக்கிழார் நமக்குக் கேக்க வைக்கிறார், அந்த அழுகையைக் கேட்டுத்தான் சுந்தரர் நின்னார். உங்க அழுகைக்கும் அந்தக் கதையில இடம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வெள்ளகோவில்_பொண்ணு | வியாழன், பகல் 12:15

படிச்சேனுங்க ஐயா. அந்த அம்மா கேக்கவே இல்லைங்கறது எனக்கு இத்தனை நாள் தெரியாது. கதையை எல்லாரும் முதலையில இருந்துதான் சொல்றாங்க.

பாதிரிப்பூ | வியாழன், மாலை 4:20

நொய்யல்கரைத் தம்பி, உங்க ஊட்டம்மாவோட இன்னொரு சங்கடத்துக்கு நான் பதில் சொல்றேன், அது எனக்கும் வந்ததுதான். எங்க மாமனாரு பேரு சென்னிமலை. மூத்தவனுக்கு அந்தப் பேரே வெச்சாங்க. மாமனாரு திண்ணையில உக்காந்திருக்கார், நான் எப்படிப் பையனை "சென்னிமலை, இங்க வாடா"ன்னு கூப்பிடறது? நாக்கு எழாது. எங்க மாமியாருக்கும் புருசன் பேரைச் சொல்ல முடியாது. ஆக ரெண்டு பேரும் அவனை "சாமி"ன்னே கூப்பிட்டோம். "சாமி சோறுண்ண வா", "சாமி அழுகாதே". இன்னைக்கு அவன் பேரன் எடுக்கற வயசு, இன்னமும் எனக்குச் சாமிதான்.

நம்ம பக்கம் நிறைய ஊட்டுல இப்படித்தான். பேரு பெரியவரோடது, கூப்பிடறது சாமி, கண்ணு, தங்கம், பெரியவருன்னு. மரியாதைக்காகச் செஞ்சதுதான். பெத்த பிள்ளையைச் சாமின்னு கூப்பிட்டு வளர்த்தா அவனை வைய வாய் வராது. நான் அனுபவிச்சு சொல்றேன். கோபம் வந்து கையோங்கினாலும் வாய் "சாமி"ன்னுதான் ஆரம்பிக்கும், கை தானா எறங்கிரும்.

உங்க ஊட்டம்மா அவ இஷ்டப்படி கூப்பிட்டுக்கட்டும். அந்தப் பேரை மத்தவங்க கூப்பிடுவாங்க.

கடல்தாண்டி_அவிநாசி | வியாழன், இரவு 8:00

துபாயில இருந்து எழுதறேன். என் பேரே அவிநாசிதான், ஊர் கருமத்தம்பட்டிப் பக்கம். கேலியைப் பத்திப் பேச்சு வந்ததால அனுபவத்தைச் சொல்றேன். பள்ளிக்கூடத்துல "அவிநாசி பஸ் எத்தனை மணிக்கு"ன்னு கேட்டானுங்க. ஒரு வருசம் கேட்டானுங்க, அப்புறம் விட்டுட்டானுங்க. இங்கே ஆபீஸ்ல வடநாட்டுக்காரங்க சட்டுன்னு புரிஞ்சுக்கறாங்க, அவங்க ஊர்லயும் அவிநாஷ் இருக்கே. அரபிக்காரர் ஒருத்தர் அர்த்தம் கேட்டார், சொன்னேன், "அது இறைவனோட பேராச்சே"ன்னு நெஞ்சுல கை வெச்சார்.

பேருக்காகப் பெருமைப்பட்ட இடமும் உண்டு. என் தங்கச்சி கோவையில அவிநாசிலிங்கம் கல்லூரியில படிச்சா. அந்தப் பேருக்குரியவர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார், திருப்பூர்க்காரர். 1930-ல ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினவர், 1946-ல இருந்து 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர், தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியா வர்றதுக்கு முன்னால நின்னவர். பேர் பழசுன்னு அவரை யாரும் ஒதுக்கலையே.

ஊத்துக்குளி_வாத்தியார் | வியாழன், இரவு 9:45

நல்லாச் சொன்னீங்க. தாத்தா பேர் விஷயத்துல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இந்த இழையில நான் எழுதினதுல எனக்கு முக்கியமாத் தெரியறது இதுதான்.

சுந்தரருக்குப் பெத்தவங்க வெச்ச பேர் நம்பி ஆரூரர். ஆரூர் என்பது திருவாரூர். அவரோட பேரும் கோயில் பேர்தான். இனி அவர் கல்யாணப் பந்தலுக்கு வாங்க. சிவனே கிழவேதியர் வேஷத்துல வந்து நீ எனக்கு அடிமை என்று வழக்காடறார். சாட்சிக்கு ஓலை காட்டறார். அந்த ஓலையை எழுதினது யார்? சுந்தரரோட தகப்பனைப் பெத்த தாத்தா. அவர் பேரும் ஆரூரன்!

"அருமறை நாவல் ஆதிசைவன் ஆரூரன் செய்கை
பெருமுனி வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு யானும் என்பால்
வருமுறை மரபு ளோரும் வழித்தொண்டு செய்தற்கு ஓலை"

நானும் எனக்குப் பின்னால வர்ற வம்சமும் வழித்தொண்டு செய்யறோம் என்று தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை, அதே பேர் தாங்கின பேரன் கிட்ட வந்து நிக்குது. பேரன் வேற, கையெழுத்துப் போட்ட பேர் ஒண்ணு. புக்கொளியூர்க் குளத்தங்கரையில நின்னு பாடினவர், தாத்தா பேரும் சாமி பேரும் ஒண்ணா வாய்ச்சவர்.

உங்கப்பாவுக்கு யாரோ ஒரு பெரியவர் அவிநாசியப்பன் என்று பேர் வெச்சப்போ அந்தக் குடும்பத்தை அந்தச் சாமிகிட்ட ஒப்படைச்சார். அதே பேரைப் பேரனுக்கு வைக்கிறது அந்த ஓலையைப் புதுப்பிக்கிற மாதிரி. பதிகம் எப்படித் தொடங்குது பாருங்க: "எற்றான் மறக்கேன் எழுமைக்கும் எம்பெருமானையே." ஏழு பிறவிக்கும் உன்னை மறக்க மாட்டேன் என்று. பிள்ளையைக் கேக்கறதுக்கு முன்னாடி முதல் பாட்டுல சொல்றது மறவாமை. இந்தப் பேருல அழியாம இருக்கிறது அந்த ஞாபகம்தான்னு நான் புரிஞ்சுக்கறேன்.

கோபி_வாய்க்கால் | வியாழன், இரவு 10:20

ஆரூரன் தாத்தா விஷயம் எனக்கு இதுவரைக்கும் தெரியாதுங்க வாத்தியாரே. நல்ல விஷயம். நொய்யல்கரை, என் ஓட்டு இன்னமும் அவிநாஷுக்குத்தான், ஆனா நீங்க அவிநாசியப்பன் வெச்சா சந்தோசமா வந்து சீர் செய்வேன்.

மேட்டாங்காடு | வெள்ளி, காலை 7:00

அதே பதிகத்துல நம்ம நாட்டையும் சுந்தரர் சொல்லியிருக்கார், யாரும் எடுத்துப் போடலை. "கொங்கே புகினும் கூறைகொண்டு ஆறலைப்பார் இலை." எம்பெருமானை நினைச்சுக்கிட்டுப் போனா கொங்குநாட்டுக்குள்ள போனாலும் துணியைப் பறிக்கிற வழிப்பறிக்காரங்க இருக்க மாட்டாங்கன்னு. பக்கத்துத் திருமுருகன்பூண்டியிலதான் அவர் கொண்டுவந்த பொருளை வேடுவர் பறிச்சதாக் கதை. அப்பேர்ப்பட்ட காட்டு வழியில நடந்துதான் இந்தப் பேரைப் பாடியிருக்கார்.

நொய்யல்கரை | வெள்ளி, இரவு 9:10

நான் அவரு ஊட்டுக்காரி, அவரு கணக்குல இருந்தே எழுதறேனுங்க. குழந்தையை மடியில போட்டுக்கிட்டு எல்லாத்தையும் படிச்சேன்.

"நாசம்" காதுல விழுந்த பயம் வாத்தியாரு ஐயா முதல் பதிவுலயே போயிருச்சு. இந்தப் பேரு வெச்சா என் பிள்ளைக்கு ஒரு காப்பு ஆச்சேன்னு அப்புறம் மனசு அந்தப் பக்கம் ஓடுச்சு. வெள்ளகோவில் அக்கா எழுதினதைப் படிச்சதும் அந்த ஆசைக்காக இந்தப் பேரை வைக்கக் கூடாதுன்னு தோணுச்சு. எங்க மாமனாரு என்னை மருமகள்னு நடத்தல, அம்மணின்னுதான் கூப்பிடுவாரு. மாசமா இருக்கேன்னு சொல்ல அவரு இல்லை. அவரு பேரை என் பையனுக்கு வைக்க அவரை மறக்கக் கூடாதுங்கறதே எனக்குப் போதும்.

அவிநாசியப்பன்னே வைக்கிறோமுங்க. பள்ளிக்கூடத்துலயும் அதே பேருதான். ஜாதகத்துக்கு வடிவேலன்னு எழுதச் சொல்லியிருக்கோம், ஜோசியரு சரின்னுட்டாரு. நான் சாமின்னு கூப்பிடுவேன், பாதிரிப்பூ அம்மா சொன்ன மாதிரி. எங்க அத்தையும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்கும் பேரைச் சொல்ல வாய் வராதே.

அடுத்தது பொண்ணாப் பொறந்தா கருணாம்பிகைன்னு இப்பவே சொல்லி வெச்சாச்சு.

கோயிலுக்கு எப்பக் கொண்டு போறது, அங்க போய் என்ன செய்யறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாதிரிப்பூ | வெள்ளி, இரவு 9:35

நல்லா இரு அம்மணி. பச்சை ஒடம்பு, அவசரப்படாதே. பேரை ஊட்டுலயே வெச்சிருங்க. மடியில போட்டு, அத்தைக்காரியோ பெரியவங்களோ காதுல மூணு தடவை சொன்னாப் போதும். மூணு மாசம் கழிச்சுக் கூட்டம் இல்லாத நாளாப் பார்த்துக் கோயிலுக்குப் போங்க. குலசாமிக்கு முடி எறக்கறது அப்புறம்.

சேவூர்_சாலை | சனி, காலை 6:05

எங்க ஊருக்கு வர்றீங்க, சந்தோசமுங்க. தேர் நோம்பிச் சமயம் கைக்குழந்தையோட வேண்டாம், நெரிசல் தாங்காது. காலையில நடை திறந்ததும் வந்தா நிம்மதியா நிக்கலாம். சாமியைக் கும்பிட்டு அம்பாள் சன்னதிக்குப் போங்க. சாமிக்கு வலது பக்கம் அம்பாள் இருக்கறது எங்க கோயில்ல விசேசம்.

பதிகத்தை யாராச்சும் ஒருத்தர் பாடுங்க, "எற்றான் மறக்கேன்"ல இருந்து. பாட வராதுன்னா படிச்சாலும் போதும், ஓதுவார் இருந்தா அவரையே கேட்டுக்கலாம். முழுசாச் சொல்ல நேரம் இல்லைன்னா முதல் பாட்டும் நாலாவது பாட்டும் சொல்லுங்க. அப்புறம் தாமரைக் குளத்துப் பக்கம் பையனைத் தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க. வெயில் ஏறுமுன்னே போயிருங்க, தலைக்குத் துணி போட்டு மூடிக்குங்க.

வெள்ளகோவில்_பொண்ணு | சனி, காலை 10:40

நீங்க போற நாளைச் சொல்லுங்க அக்கா. நானும் வர்றேன். பதிகம் எனக்கு மனப்பாடமாத் தெரியும், நான் சொல்றேன்.